கால் ஊன்றிய கூரை

தொண்ணூறாம் ஆண்டு ஆடியில் தோப்பூரில் செல் குண்டு விழுந்து ஸாலிஹாவின் வீட்டுச் சுவர்கள் நான்கும் சரிந்தன; கூரை விழவில்லை. பீலி ஓடுகளும் அவற்றைத் தாங்கும் உத்தரமான முதிரைத் தீராந்தியும் கலையாமல் ஆளுயரத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றன. அதற்கு முந்தின கிழமை ஓடு வாங்க மூதூருக்குச் சைக்கிளில் போன அவளுடைய கணவர் ஜவாஹிரை வழியில் யாரோ மறித்துக் கொண்டுபோனார்கள். இராணுவம், இயக்கம் இரு தரப்பும் தாங்கள் இல்லை என்றன. அடக்கம் செய்ய ஜனாஸா வரவில்லை, சேதியும் வரவில்லை; ஆகவே கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் தனித்திருக்கும் இத்தாவை அவள் இருக்கவில்லை. கூரைக்குக் கீழே சமைத்தாள், படுத்தாள். ஊர் பழகிவிட்டது.

சில வருடங்களில் திருகோணமலையிலிருந்து குணமணி என்ற மாணவி லோஞ்சுப் படகில் வந்தாள். கொழும்பில் மரபுரிமைப் பாதுகாப்பும் முகாமைத்துவமும் பற்றிய முதுமாணிப் படிப்பு. ஆய்வுக்குப் பழைய வீடொன்று வேண்டியிருந்தது. கூரையை அளந்து வரைந்து அனுப்பினாள். அது அந்தரத்தில் நிற்பதைப் பற்றிப் பேராசிரியர் ஒன்றும் எழுதவில்லை. தாங்கல் இல்லாத கூரை ஆபத்து, கால் கொடுக்கவும் என்று மட்டும் எழுதினார்.

"கால் என்னத்துக்கு? அவர் வருமட்டும் நிக்கும்," என்றாள் ஸாலிஹா.

"விழுந்தா உங்கட தலையிலதான், ராத்தா."

"விழுறதெண்டா அண்டைக்கே விழுந்திருக்கும். உங்கட பேராசிரியர் சேரை அவர்ர வீட்டுக்குக் கால் போடச் சொல்லுங்க."

ஆனாலும் தடுக்கவில்லை. பனங்கால்கள் நடப்பட்டன. தீராந்திக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருந்தது. குணமணி கட்டை வைத்து உயர்த்தினாள்; கூரையும் ஒரு விரல் உயர்ந்தது. மறுபடி உயர்த்தினாள், அதுவும் உயர்ந்தது. ஸாலிஹா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இவரும் இப்பிடித்தான். பிடிச்சா பிடிதான்."

குணமணி ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து உயர்த்திப் பார்த்தாள். கூரையின் சுமையைத் தாங்குவது எது என்று எழுதாமல் ஆய்வு முடியாது. அதை எழுத அவளுக்கு ஏலாமல் இருந்தது.

தொண்ணூற்றேழில், மாரி ஓய்ந்த ஒரு காலை, இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கூரை மெல்ல இறங்கிக் கால்களில் உட்கார்ந்தது. ஓடொன்றும் உடையவில்லை. மரம் முனகியது.

"இருந்திட்டுது, ராத்தா." குணமணி எழுந்து ஒவ்வொரு காலாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சுமை ஏறி இறுகியிருந்தன. சிரித்தபடி திரும்பினாள். ஸாலிஹா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு ஸுல்பிகாட்ட வெள்ளைப் புடவை கேட்டு வாங்கித் தாங்க, தங்கச்சி."

பெண்கள் வந்து பனங்கால்களுக்கிடையே சேலைகளைக் கட்டி அறையாக்கினார்கள். ஒரு சேலையின் முனையைக் குணமணி பிடித்துக்கொடுத்தாள். பள்ளிவாசல் மௌலவி வந்தார். ஜனாஸா எங்கே என்று அவர் கேட்கவில்லை. கூரையை நிமிர்ந்து பார்த்தார். அன்றைய நாளிலிருந்தே இத்தாவை எண்ணச் சொன்னார்.