பழைய கழகத்துக்கு எதிராக ஒரு கோல்

கைகள் இரண்டும் தோள் உயரம் வரை வந்துவிட்டன, அதற்கு மேல் போகவில்லை, பந்து இன்னும் வலைக்குள் சுழன்றுகொண்டிருக்கிறது, நான் தையல்காரனுக்குச் சட்டை அளவு கொடுப்பவனைப்போலக் கைகளை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், பலேர்மோவின் ஓரத்தில் மலையும் எலுமிச்சைத் தோட்டமும் சந்திக்கும் அந்தச் சரளைக்கல் மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை, ஏனென்றால் நான் கோல் அடித்திருப்பது விர்த்துஸ் கழகத்துக்கு எதிராக, பதினைந்து வருடம் நான் ஆடிய கழகம், அதில் பதினொரு வருடம் கப்டனாக இருந்த கழகம், இத்தாலியில் ஒரு வழக்கம் உண்டு, பழைய கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்தவன் அதைக் கொண்டாடக்கூடாது, தலை குனிந்து, கைகளால் மன்னிப்புக் கேட்டு, பேசாமல் திரும்பி நடக்கவேண்டும், தொலைக்காட்சியில் வரும் பெரிய ஆட்டக்காரர்கள் அதை அழகாகச் செய்வார்கள், ஏழாம் பிரிவில் முழங்கால் தேய்க்கும் எங்களுக்கும் அதே மரியாதைதான், எனக்கு அது நன்றாகத் தெரியும், என் கைகளுக்குத்தான் தெரியவில்லை, அவை பழக்கதோஷத்தில் பாதிவழி போய்விட்டன, இனி மேலே போவதா கீழே வருவதா என்று என்னையே கேட்கின்றன.

இருநூற்றுப் பதினான்கு கோல்கள் விர்த்துஸுக்காக அடித்தேன், சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது, அவற்றில் நான் குறிபார்த்து அடித்தவை நூறு இருக்கலாம், மிச்சம் என்மேல் பட்டவை, முழங்காலில் பட்டு, முதுகில் பட்டு, ஒருமுறை கீழே விழுந்து கிடந்த என் பிட்டத்தில் பட்டு உள்ளே போனவை, முன்கள வீரனுக்கு வேண்டியது திறமை என்று சொல்பவர்கள் பின்களத்தில் நிற்பவர்கள், முன்கள வீரனுக்கு வேண்டியது பந்து வரும் இடத்தில் வெட்கமில்லாமல் நிற்பது, அது எனக்கு இயல்பாகவே வந்தது, பதினொரு வயதில் யாழ்ப்பாணத்து நாவாந்துறையிலிருந்து அம்மாவோடு இங்கே வந்திறங்கியபோதே எனக்கு இடமில்லாத இடங்களில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன், வகுப்பறை வாசலில், தேவாலயத்தின் பின்வரிசை மரவாங்கில், அம்மா துப்புரவு செய்த, பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் விதவையின் வரவேற்பறையில் தூசித்துணியோடு, அந்த அறையில்தான் இத்தாலியன் படித்தேன், அதனால் சந்தையில் பேசும் பாஷை எனக்கு வெகுகாலம் தெரியாது, தாங்கள், தங்கள், தயைகூர்ந்து, இவைதான் தெரியும், கொட்டிய பாலைக்கூட நான் மன்னிப்புக் கோரும் தொனியில்தான் அறிவித்தேன்.

அந்தப் பாஷைதான் என்னைக் கப்டனாக்கியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு முன் கப்டனாக இருந்த தச்சன் நடுவரை நோக்கித் தன் சப்பாத்தைக் கழற்றி எறிந்து இரண்டு பருவங்களுக்குத் தடை வாங்கிப் போனான், நடுவரிடம் பேசும் உரிமை கப்டனுக்கு மட்டுமே, மற்றவன் வாய்திறந்தால் மஞ்சள் அட்டை, ஆகவே ஏச்சில்லாமல் ஒரு வசனம் பேசக்கூடியவன் யார் என்று உடைமாற்றும் அறையில் தேடினார்கள், என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை, முதல் ஆட்டத்திலேயே நடுவரிடம் போனேன், பத்தொன்பது வயதுப் பொடியன், அதுவரை நாற்பது நிமிடமாக அவனுடைய தாயைப் பற்றி ஆயிரம் அபிப்பிராயங்களைக் கேட்டுக் காது சிவந்திருந்தான், தங்களுடைய அனுமதியோடு, ஐயா, அந்த ஓஃப்சைட் பற்றி எனக்கொரு சிறு ஐயம், என்றேன், அவன் முகம் மலர்ந்துபோனது, அடுத்த பத்து நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, அது ஐயத்துக்கு இடமில்லாத பெனால்டிதான், இருந்தாலும் எங்கள் கோல்கீப்பர் நூன்சியோ அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடிவந்து, கபித்தா, நீ நடுவரோட கதைக்கிறியோ கலியாணம் பேசுறியோ, என்றான்.

நூன்சியோ சிசிலியின் சந்தைப் பாஷையில்தான் சொன்னான், எனக்கு அவன் பேசுவதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் கேட்கும், அவனும் நாவாந்துறையில் பிறக்கவேண்டியவன், மீன் விற்பவன், உரத்த குரல், எதையும் நேரே கேட்கத் தெரியாதவன், கப்டனை இங்கே கபித்தா என்று கடைசி எழுத்தை விழுங்கிக் கூப்பிடுவார்கள், அவன் என் கல்யாணத்திலும் என்னை அப்படித்தான் கூப்பிட்டான், பாதிரியார் என் பெயரைச் சொன்னபோது, அது ஆர், என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டானாம்.

பகல்வேலை எனக்குப் படிக்கட்டுகளைத் துடைப்பது, ஏழு கட்டடங்கள், எல்லாம் சேர்த்து எழுநூற்று இருபது படிகள், என் தொடைகளைப் பார்த்து வியந்த எதிரணிக்காரர்கள் எந்த உடற்பயிற்சி நிலையம் என்று விசாரித்திருக்கிறார்கள், நான் பக்கெட்டையும் துடைப்பத்தையும் பற்றிச் சொல்லாமல், இரகசியம், என்பேன், மத்தியானம் ஐந்தாம் மாடியில் சற்றுக் கண்ணயர்ந்தால் கனவில் அதே படிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஏறுகிறேன், ஈரப்படியில் மிதிக்காதை என்று அம்மா மேலே இருந்து கத்துகிறாள், நான்காம் மாடியில் கடல் வந்துவிடுகிறது, நாவாந்துறைக் கரை, இரண்டு துடுப்புகளை நட்ட கோல், நடுவில் நூன்சியோ நிற்கிறான், அலை பந்தைக் கொண்டுபோகிறது, நடுவரிடம் முறையிட நான் அலையைத் தேடிப் போகிறேன், தாங்கள் கொண்டுபோனது எங்களுடைய பந்து, என்கிறேன், அலை மிகவும் மரியாதையாக அதைத் திருப்பித் தருகிறது.

என் முப்பத்தேழாவது வயதில் விர்த்துஸுக்குப் புதிய தலைவர் வந்தார், குளிர்சாதனப் பெட்டி விற்பவர், எல்லாம் புதிதாக இருக்கவேண்டும் அவருக்கு, எனக்கு ஒரு வெள்ளித்தட்டும் ஐந்து நிமிடக் கைதட்டலும் கொடுத்து அனுப்பினார், தட்டில் ஜசிந்தா இப்போது கட்லட் வைத்துப் பரிமாறுகிறாள், ஜசிந்தா என் மனைவி, நான் வீட்டில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் நாள் அவள், இஞ்சருங்கோ, சுவர் கோல் அடிக்காது, எழும்பிப் போங்கோ, என்றாள், போனேன், பக்கத்து ஊர் அத்லெத்திகோவின் பயிற்சியாளர் கஸ்பாரே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார், வயிற்றில் கொஞ்சம் தாமதித்தார், பிறகு, கடைசி இருபது நிமிஷத்துக்குப் போதும், என்று சேர்த்துக்கொண்டார், அந்தக் கடைசி இருபது நிமிடங்களில் அந்தப் பருவம் முழுவதும் ஒன்பது கோல் அடித்தேன், கிழவன் என்று சிரித்தவர்கள் பெயரை நினைவில் வைத்திருக்கிறேன், ஆனால் நான் நல்லவன், யாரிடமும் சொல்லவில்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் விர்த்துஸுக்கும் அத்லெத்திகோவுக்கும் என்று அட்டவணையில் முன்பே இருந்தது, யாரும் கவனிக்கவில்லை, ஏப்ரல் முடிவில்தான் எல்லோரும் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள், எங்களுக்கு அந்த ஆட்டத்தில் வெல்வதற்கும் ஒன்றுமில்லை, தோற்பதற்கும் ஒன்றுமில்லை, விர்த்துஸுக்கோ சமநிலை எடுத்தால் ஏழாம் பிரிவில் இருக்கலாம், தோற்றால் எட்டாம் பிரிவு, அந்தக் குளிர்சாதனப் பெட்டிக்காரர், எட்டாம் பிரிவில் நான் கழகம் நடத்தமாட்டேன், கேட்டைப் பூட்டிச் சாவியை நகரசபையிடம் கொடுத்துவிடுவேன், என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார், இப்படியான நேரங்களில் இங்கே இரண்டு அணிகளும் பேசாமலே ஒரு பேச்சுக்கு வந்துவிடுவதுண்டு, யாரும் யாரையும் காயப்படுத்தாமல் தொண்ணூறு நிமிடம் பந்தைத் தாலாட்டிவிட்டுக் கைகுலுக்கிப் போவார்கள், தேசமே அதைக் கண்டிக்கும், தேசமே அதை எதிர்பார்க்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், இன்னும் விர்த்துஸின் கோலில் நிற்கும் நூன்சியோ கடையைச் சாத்திவிட்டு இரண்டு கிலோ கணவாயோடு வீட்டுக்கு வந்தான், பதினைந்து வருடத்தில் அவன் எனக்கு ஒரு நெத்தலியைக்கூடப் பேரம் பேசாமல் தந்ததில்லை, ஜசிந்தா கணவாயையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், கறி வைத்தாள், அவன் புட்டைக் குழைத்துச் சாப்பிட்டான், உறைக்குது என்று அழுதான், இன்னும் போடச் சொன்னான், கபித்தா, கால் எப்பிடி, என்றான், கால் நல்லாயிருக்கு, என்றேன், அப்ப அந்த முழங்கால், அதுவும் நல்லாயிருக்கு, இடுப்பைத் தொட்டுக் காட்டி, நாரி, என்றான், நாரியும் நல்லாத்தான் இருக்கு, அவன் முகம் வாடியது, உன்ரை வயசில எனக்கெண்டால் எல்லா இடமும் நோகும், என்றான், உனக்கு என்னைவிட ஆறு மாசம் குறைய, என்றேன், பிறகு இருவரும் கணவாயைப் பற்றி, வெயிலைப் பற்றி, அவன் மகளின் பல்லைப் பற்றிக் கதைத்தோம், போகும்போது கதவடியில் நின்று என் தோளைப் பிடித்தான், கறி நல்லாயிருந்தது எண்டு ஜசிந்தாவுக்குச் சொல்லு, என்று ஜசிந்தாவுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கேக்க வந்தவர், கேக்காமல் போட்டார், என்றாள் ஜசிந்தா, நான், கஸ்பாரேயிட்டைச் சொல்லி வெளியில இருக்கப்போறன், என்றேன், கால் நோகுதெண்டு பொய் சொல்லுவியளோ, என்றாள், இல்லை, உண்மையைச் சொல்லுவன், அப்ப சரி, ஆனால் ஒண்டு, உள்ளுக்கு இறங்கினால் ஒழுங்கா விளையாடவேணும், கால் இருக்கேக்க இல்லாத மாதிரி நடிச்சியளெண்டால் நான் அந்தத் தட்டை எடுத்து உங்கடை தலையில அடிப்பன், அவள் சொன்னால் செய்வாள், தட்டும் பாரமானது.

உண்மையைச் சொன்னேன், கஸ்பாரே தலையாட்டினார், வாங்கில் இரு, இறக்கமாட்டேன், என்றார், மே மாதத்து ஞாயிறு, சிசிலி முழுவதும் பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை அப்பம் வாங்கி வீட்டில் விருந்து வைக்கும் காலம், தொடக்கத்திலிருந்து ஆடிய எங்கள் முன்கள வீரன் தன் ஞானமகனின் விருந்திலிருந்து நேரே வந்திருந்தான், ஐந்து வகைச் சாப்பாடும் அதற்குமேல் பாற்கட்டிக் கேக்கும் உள்ளே இருந்தன, அறுபத்தெட்டாவது நிமிடத்தில் மூலைக்கொடியைப் பிடித்துக்கொண்டு அனைத்தையும் திருப்பிக் கொடுத்தான், வாங்கில் மிச்சமிருந்தது நானும் மாற்றுக் கோல்கீப்பரும்தான், கஸ்பாரே என்னைப் பார்க்காமல், என்ன செய்ய, கபித்தா, என்றார்.

கோல் இல்லாத ஆட்டம், பந்து தாலாட்டில் இருந்தது, நான் நடுக்கோட்டுப் பக்கமாக நின்றேன், என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்து வராத இடத்தைத் தேடிப் போனேன், ஜசிந்தா கம்பிவேலிக்குப் பின்னால் கைகட்டி நின்று என்னையே பார்த்தாள், எண்பத்தோராம் நிமிடம், யாரோ அவசரத்தில் ஓங்கி உதைத்த பந்து வானத்துக்குப் போய், சூரியனுக்குள் மறைந்து, ஒதுங்கி ஒதுங்கி விர்த்துஸின் பெனால்டிப் பெட்டிக்கு வெளியே வந்து நின்ற என்னை நோக்கி இறங்கி வருகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, அது வருவதற்குள் விலகிப்போக எனக்கு நேரம் இருந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை, இரண்டு எட்டு வைத்தால் போதும், ஆனால் அது அவ்வளவு அழகாக வந்தது, அலை மரியாதையாகத் திருப்பித் தந்த பந்தைப்போல வந்தது, அதை மறுப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை, தரையில் ஒருமுறை தொட்டு எழும்பும்போது வலதுகாலின் மேற்பாதத்தால் அடித்தேன், இருபது மீற்றர், நூன்சியோ முழுதாக நீண்டு பறந்தான், அவனுடைய விரல்களுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு பந்து மட்டுமே போகக்கூடிய இடைவெளி, பந்து போனது, முழங்காலில் பட்டது அல்ல, முதுகில் பட்டது அல்ல, இருநூற்றுச் சொச்சம் கோல்களுக்குப் பிறகு என் வாழ்க்கையின் முதல் அழகான கோல்.

கோல், என்று ஒரே ஒரு குரல், ஜசிந்தாவுடையது, பிறகு அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், மிச்சமிருந்த நேரத்தில் எதுவும் மாறவில்லை, விர்த்துஸ் இறங்கியது, தலைவர் சொன்னபடியே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார், கழகத்தின் ஆரஞ்சுச் சட்டையை இனி யாரும் போடுவதில்லை, நூன்சியோ இப்போது மீன் மட்டும் விற்கிறான், பேரம் பேசித்தான் தருகிறான், ஞாயிறுகளில் அத்லெத்திகோவின் வேலிக்குப் பின்னால் நின்று என்னைப் பெயர்சொல்லித் திட்டுகிறான், என் பெயர் அவனுக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவையெல்லாம் பிறகு நடந்தவை, இன்னும் நடக்கவில்லை, இப்போது என் கைகள் அந்தரத்தில் நிற்கின்றன, உள்ளே சந்தோஷம், வெட்கம்கெட்ட சந்தோஷம், அதை விழுங்கிக்கொண்டு கைகளை இறக்கி நெஞ்சுக்கு முன்னால் குவிக்கிறேன், கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறேன், வேலிக்கு அப்பால் விர்த்துஸின் ஆட்கள், என் பதினைந்து வருடம், முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

நூன்சியோ சரளையிலிருந்து எழும்பி வருகிறான், முழங்கையில் இரத்தம், அடிக்கத்தான் வருகிறான், அடிக்கட்டும், அவன் என் குவித்த கைகளைக் கையுறைகளோடு பிடித்துப் பிரிக்கிறான், ஏன் கும்பிடுறாய், இஞ்சை ஆரும் செத்தவையோ, என்று கத்துகிறான், மன்னிப்புக் கேட்டவன் அடிச்ச கோலில கீழ விழுந்தமெண்டு நான் சந்தையில போய்ச் சொல்லுறதோ, நான் கைகளை மறுபடி குவிக்கப் பார்க்கிறேன், அவன் விடவில்லை, அவன் குரல் திடீரென்று தாழ்ந்துபோகிறது, பதினைஞ்சு வருஷம் மற்றக் கோடியில நிண்டு உன்ரை முதுகைத்தான்ரா பார்த்தனான், நீ கோல் அடிக்கேக்க உன்ரை முகம் எப்பிடி இருக்குமெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், அதை மறைக்காதை, கபித்தா, என்கிறான், என் மணிக்கட்டுகள் அவன் பிடிக்குள் இருக்கின்றன, மேலே போகின்றன, தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, என் கைகளும் அவன் கைகளும் நாலுமாகச் சேர்ந்து உயர்ந்து நிற்கின்றன, வேலிக்கு அப்பால் யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்குகிறார்.