ஹந்தாவின் கெட்ட நாட்கள்

மங்கோலியத் தலைநகர் உலான்பத்தரின் வடக்கு மேட்டில், கூடாரங்களும் பலகை வேலிகளும் நெருக்கியடிக்கும் எங்கள் பகுதியில், சொந்தக் கையால் முன்னுக்கு வந்த பெண் யார் என்று கேட்டால் எல்லா விரலும் ஹந்தாவின் முடிதிருத்தும் கடையைத்தான் காட்டும். இரண்டு நாற்காலி, பெரிய கண்ணாடி, குழாயில் சுடுநீர். ஹந்தாவைக் கேட்டால் மட்டும் பதில் வராது. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதைக் கேட்டாலும் குழப்பம்.

எங்கள் ஊரில் முடி வெட்டுவது தலையைப் பொறுத்த காரியமல்ல, நாட்காட்டியைப் பொறுத்த காரியம். லாமாக்கள் கணித்து வைத்ததில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பலன் உண்டு. இன்று வெட்டினால் செல்வமும் கால்நடையும் பெருகும் என்று போட்டிருந்தால் விடிந்ததும் வரிசை நிற்கும். ஓர் ஆட்டைக் கட்டக்கூட இடமில்லாதவர்கள்தான் முன்னால் நிற்பார்கள். ஆயுள் குறையும் என்று போட்டிருந்தால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது.

அந்த ஆயுள் குறையும் நாட்களில்தான் ஹந்தா உயிரோடு இருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரி துலாமோடு சேர்ந்து ஆட்டிறைச்சி வைத்த பூஸ் கொழுக்கட்டை அவித்துத் தின்பாள், அடுப்போரம் கால் நீட்டித் தூங்குவாள். இது ஊருக்கு எப்படித் தெரியும் என்றால், கடைக்குக் கண்ணாடிக் கதவு.

இப்படி இருக்கையில் மியாக்மர் வந்து சேர்ந்தாள். கீழே புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் தரைத்தளம் அவளுடையது. அங்கே ஒரு கடை தருகிறேன் என்றாள், பதில் சொல்ல ஒரு வாரம் கெடு வைத்தாள். அங்கே குடியிருக்கும் அலுவலகப் பிள்ளைகள் நாட்காட்டி பார்ப்பதில்லை. எந்த நாளானாலும் கூட்டம்தான். புதுக் கடை வந்தாயிற்று என்று ஹந்தாவின் கணவன் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்போதே சொல்லிவிட்டான். ஹந்தாதான் ஆமாம் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கெடு முடியும் நாள், பார்த்து வைத்தது போல, கால்நடை பெருகும் நாள். வரிசையைத் தள்ளிக்கொண்டு மியாக்மரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நுனிய மட்டும் எடு, ஹந்தா. நான் எந்திரிக்கிறதுக்குள்ள பதிலச் சொல்லிடு. இன்னொருத்தி என் வாசல்லயே தவம் கெடக்கா."

"யோசிச்சிட்டேதான் இருக்கேன்க்கா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? அங்க ஒருநாள்கூட நீ சும்மா உக்கார வேண்டாம்."

இதைச் சொல்லிவிட்டு மியாக்மர் கண்ணை மூடிக்கொண்டாள். சும்மா உட்காராத ஒரு வருஷத்தை ஹந்தா மனதுக்குள் விரித்துப் பார்த்தாள். கத்தரிக்கோல் ஓடியது. வெட்டி முடித்தால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் வெட்டி முடிக்காமல் வெட்டினாள். இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியது. வலப்பக்கத்தைச் சமன் செய்தாள். மறுபடி இடப்பக்கம்.

"அக்கா," என்றாள் துலாம் மெதுவாக, "நுனி தோள்ல இருந்துச்சு. இப்ப காதுக்கு வந்துடுச்சு."

"சும்மா இருடி. அளவு பாக்கறேன்."

வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கழுத்தை நீட்டினார். "கால்நடை பெருகுற நாளுல்ல? அதான் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற மாதிரி கத்தரிக்கிறா."

சிரிப்புச் சத்தத்தில் மியாக்மர் கண்ணைத் திறந்தாள். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தாள்.

"என் தம்பி பட்டாளத்துக்குப் போனப்ப இப்படித்தான் இருந்தான்."

"வளந்துடும்க்கா."

"முடி வளரும். உன் பதில்?"

"எடுத்துக்கறேன்க்கா. ஆனா கெட்ட நாள்ல கடை பூட்டித்தான் கெடக்கும்."

"அந்தப் பிள்ளைங்களுக்கு ஏது நல்ல நாளு, கெட்ட நாளு? யாருக்காகப் பூட்டுவ?"

"எனக்காக."

குரல் தன்னுடையதுதானா என்று ஹந்தாவே திரும்பிப் பார்த்தாள்.

"தனக்காகக் கடையப் பூட்டுற வியாபாரிய இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்று மியாக்மர் எழுந்தாள். மென்மயிர்த் தொப்பியை மாட்டினாள். அது புருவம்வரை இறங்கியது. இன்னொருத்தியைத் தேடிப் போனாள்.

வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் உதைத்தாள் என்று ஊரில் பாதி பேர் பேசினார்கள். மீதிப் பேர் தொப்பியைப் பற்றிப் பேசினார்கள். ஹந்தா அடுத்த ஆளுக்காக நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"நீ நல்லா யோசிச்சு முடிச்சிடும்மா, அப்புறமா உக்கார்றேன்," என்றார் கிழவர்.

அவள் சிரித்தாள். வயிறு லேசாக இருந்தது. நிம்மதியா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது.