வேலை எண் இல்லாதவள்

"சுரங்கத்துல அவங்க வேலை எண் என்ன?" போனில் நுரையீரல் சோதனை அலுவலகத்துப் பெண் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"எங்கம்மா சுரங்கத்துல வேலை பாக்கலைங்க, அப்பாதான் பாத்தாரு," என்றாள் ஒனலென்னா. "அம்மா அவரு துணியத் துவைச்சா. முன்னாடி வாசல்ல நின்னு உதறுவா, நீலமாப் பறக்கும். அந்தக் கல்நார்த் தூசிதான் நெஞ்சுல போய் உக்காந்துச்சு."

"துவைச்சவங்களுக்கு இதுல இடமில்லம்மா. எண் இல்லாத நுரையீரல நாங்க சோதிக்க முடியாது. திருப்பி அனுப்பிட்டோம், நாளைக்கு வந்துடும்."

நாளை மறுநாள் அடக்கம்.

ஒன்பது வருஷமாகத் தென்னாப்பிரிக்காவின் குருமான் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் ஒனலென்னா. செத்தவரின் நுரையீரலைக் கொடுத்தால்தான் எதனால் செத்தார் என்பது எழுத்தில் வரும், நஷ்டஈடும் கேட்கலாம் என்று மன்றாடி, பதினேழு குடும்பங்களைக் கையெழுத்துப் போட வைத்தவள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அம்மா கலெபோ மட்டும், "என்னை முழுசாப் புதைங்கடி. உள்ள ஒண்ணுமில்லாம உங்கப்பா முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?" என்று கேட்டிருந்தாள். ஒனலென்னா சரி என்று தலையாட்டினாள். அம்மாவின் மூச்சு நின்ற அன்று மத்தியானமே கையெழுத்துப் போட்டாள். தன் வீட்டுக்கு மட்டும் விலக்கு என்றால் இனி எந்த வாசலில் போய் நிற்பது?

வெள்ளிக்கிழமை அம்மாவின் நுரையீரல் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் வந்து சேர்ந்தது. ஒட்டிய முத்திரை ஒட்டியபடியே இருந்தது.

"திறந்தே பாக்கலியா?" என்றார் கஹிஷோ மாமா.

"இல்ல மாமா."

"அப்ப எதுக்கும்மா அவள அறுத்தோம்?"

ஒனலென்னாவுக்கு அழுகையைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. போர்வையை விலக்கி வாளியை அம்மாவின் நெஞ்சருகே வைத்துப் பார்த்தாள். சவப்பெட்டியின் மூடி மூடவில்லை. காலடியில் வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை புதைத்துவிட்டு வந்தவர்கள் வீட்டு வாசலில் வரிசையாகக் கை கழுவினார்கள். பக்கத்து வீட்டு டினேயோ அத்தை ஒனலென்னாவைத் தனியே இழுத்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"என் மகன் ஒத்துக்க மாட்டான்டி. நான் போயிட்டா நீயே முன்ன நின்னு என் நுரையீரல எடுத்துக் குடுத்துடு. நானும் உங்கம்மாவும் ஒரே கல்லுல துவைச்சவங்க. அவளே குடுத்துட்டா, நான் மட்டும் பயந்தா நல்லாவா இருக்கும்?"

வாளி திறக்கப்படாமலே திரும்பி வந்ததைச் சொல்ல ஒனலென்னா வாயைத் திறந்தாள். அத்தையின் முகம் இந்த ஒரு வருஷத்தில் இத்தனை தெளிவாக இருந்ததில்லை.

"எழுதிக்கடி. பேரத் தப்பா எழுதிடாத."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பைக்குள் பேனாவைத் தேடினாள். அத்தை தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஒனலென்னா எழுதிக்கொண்டாள்.