ஐசில்டா கேட்ட கேள்வி

ஜமைக்காவின் அந்தக் கரும்புத் தோட்டத்தில் 'என்கொயரி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். மேனேஜர் ஹாடன் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்பார். வேலையாட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஐசில்டாவின் கணவன் எசேக்கியலின் கை ஆலைச் சக்கரத்தில் நசுங்கியபோதும் அப்படித்தான் நடந்தது. குடித்திருந்தான் என்று சொல்லி அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

தொழிற்சங்கம் விடாமல் போராடியதில் கிங்ஸ்டனிலிருந்து ஒரு நீதிபதி வந்தார். பள்ளிக்கூடத்தில் என்கொயரி. ஐசில்டா சாட்சி சொல்லி முடித்ததும், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்று நீதிபதி அவளிடம் கேட்டார்.

அவள் தயங்கினாள்.

"கேளு ஐசி! சந்தையில கிழங்கு விக்கிறவகிட்ட மட்டும்தான் உன் வாயா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து தோழி மெர்டெல் கத்தினாள்.

ஐசில்டா மேனேஜரை நேராகப் பார்த்தாள். "சக்கரத்து மூடியக் கழட்டிட்டு ஆலைய ஓட்டச் சொன்னது யாரு, துரை?"

"இவளுக்கு நான் பதில் சொல்லணுமா?"

"ஆமா. என்கொயரின்னா அதுதான். எழுந்து சொல்லுங்க" என்றார் நீதிபதி.

ஹாடன் எழுந்தார். அவர் உத்தரவை நேரில் கேட்டிருந்த ஆலை மேஸ்திரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்ல வழியில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி, "நான்தான்" என்றார்.

என்கொயரி முடிந்து வெளியே வந்ததும் எசேக்கியல் சிரித்தான். "இனிமே வீட்டுக்கு லேட்டா வந்தா எனக்கும் என்கொயரியா, மகாராணி?"

"பின்ன?" என்றாள் ஐசில்டா. அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவே தலைநிமிர்ந்து நடந்தாள்.