கழுவிய கடல்நத்தை

கரைமடி வலையை இழுத்து முடிப்பதற்குள் தன்யா பொழியூர்க் கரைக்கு வந்துவிட்டாள். தெற்கே வானம் கறுத்துக் கிடந்தது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் பிறகு மாதக்கணக்கில் இங்கே மடி இழுக்க மாட்டார்கள். அவளுடைய எம்.எஸ்சி. ஆய்வறிக்கையோ அடுத்த வாரமே போய்ச் சேர வேண்டும்.

அவளுக்கு மீன் வேண்டாம். மடியில் பாசியோடு சேர்ந்து வரும் ஓடில்லாத கடல்நத்தைதான் வேண்டும். அதன் மேல் வழியும் கொழகொழப்பில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது என்று அவள் நம்பினாள். போன மாதம் ஒரு நத்தையின் முதுகைப் பஞ்சால் ஒற்றி, கிருமி வளர்க்கக் கடல்தண்ணீரில் காய்ச்சிய அகார் தட்டில் இழுத்து வைத்திருந்தாள். மஞ்சளாகச் சில புள்ளிகள் முளைத்தன. அவற்றைச் சுற்றி வேறெந்தக் கிருமியும் அண்டவில்லை. வட்டமாக வெறும் தரை. ஓடில்லாத அந்தப் பிராணிக்கு இவைதான் காவலோ என்று நினைத்தபோது அவளுக்குத் தூக்கம் போனது.

ஆய்வு வழிகாட்டி வேதமணி சார் தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “மஞ்சள் கிருமி எல்லாரோட தோலிலயும் உண்டு. உன் விரல்ல இருந்து விழுந்திருக்கும். இன்னொரு நத்தையிலயும் வந்தா எழுதலாம். வரல்லைன்னா இந்த அத்தியாயத்தை எடுத்திரு.”

அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். ஆனால் சாரிடம் எதிர்த்துப் பேச அவளுக்கு என்றைக்கும் வாய் வந்ததில்லை.

மடிக்காரர் கிரகோரியிடமும், கரையில் மீன் விற்கும் அவர் மனைவி பிரான்சிஸ்காவிடமும் நத்தை கிடைத்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். அவளைக் கண்டதும் பிரான்சிஸ்கா ஒரு அலுமினியச் சட்டியோடு எழுந்து வந்தாள்.

“வா மோளே, ஒண்ணு கிட்டிச்சு. எப்பிடி மினுங்குது பாரு. ஒரே வழுவழுப்பாட்டு இருந்துது. படிக்கப் போற பிள்ளை கையில அப்பிடியே குடுக்கக் கூடாதுல்லா? விலாங்கு மீனுக்குப் போடுத மாதிரி சாம்பல் போட்டுத் தேச்சு, கடல் வெள்ளத்துல நல்லா அலசி வச்சிருக்கேன்.”

தன்யா குனிந்து பார்த்தாள். சட்டிக்குள் நத்தை சுருண்டு, உருண்டையாகக் கிடந்தது. முதுகில் பிசுபிசுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை.

“எடீ, அது கறிக்கா உனக்கு?” என்றார் கிரகோரி. “எதைக் கண்டாலும் சாம்பலும் சட்டியும் ஆக்கும்.”

“நீங்க மிண்டாம இரிங்க. கிட்டினதைத் திரும்பக் கடல்ல வீசப் போன ஆளுல்லா!” பிரான்சிஸ்கா தன்யாவின் முகத்தைப் பார்த்தாள். “என்ன மோளே, செத்துப் போச்சா?”

“இல்ல சேச்சி. உயிர் உண்டு.” அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. “வேற ஒண்ணு கிட்டுமா?”

கிரகோரி கடலைப் பார்த்தார். “கடல் கேறி வருது. நாளைக்கு மடி போட்டா உண்டு, இல்லைன்னா இல்ல.”

பாறசாலைக்குப் போகும் பேருந்தில் நத்தையைப் போட்ட அகலவாய்க் குப்பியை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவியது யாருக்கும் தெரியாது. பழைய தட்டு ஆய்வகக் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஊசி முனையால் ஒரு துளி தொட்டுப் புதுத் தட்டில் இழுத்துவிட்டால் மஞ்சள் முளைக்கும். சாரும் கையெழுத்துப் போடுவார். இந்த எண்ணம் வந்ததும் பக்கத்தில் இருந்த பெண் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் ஆள் இல்லை. கரண்டும் இல்லை. ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள். நத்தையைப் புதுக் கடல்தண்ணீருக்கு மாற்றிவிட்டு நேரே குளிர்பெட்டிக்குப் போய்ப் பழைய தட்டை எடுத்தாள். ஊசியைச் சுடரில் காட்டினாள். அது சிவந்தது, பிறகு ஆறியது. ஆறின பிறகும் கை தட்டின் மூடியைத் திறக்கவில்லை. மறுபடி சூடாக்கினாள். மறுபடி ஆறியது. வெளியே வராந்தாவில் யாரோ செருப்பை இழுத்து நடந்தபோது திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அப்போதுதான் நத்தை கண்ணில் பட்டது.

அது சுருளை விட்டிருந்தது. முதுகின் இரு ஓரத்துச் சதைமடிப்புகளும் மெல்ல விரிந்துகொண்டிருந்தன. உள்ளே, மடிப்பின் அடியில், கண்ணாடி நூல் போல ஒரு இழை ஆடியது. கொழகொழப்பு! பிரான்சிஸ்கா தேய்த்தபோது இது மடிப்பை இறுக மூடிக்கொண்டிருக்கிறது. அங்கே சாம்பல் போகவில்லை.

பழைய தட்டை உள்ளே வைத்துப் பெட்டியை அடைத்தாள். தேய்த்த முதுகை ஒற்றி ஒரு தட்டு. மடிப்புக்குள் ஒற்றி இன்னொன்று. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் விரலையும் ஒரு தட்டில் அழுத்தி வைத்தாள்.

பிறகு காத்திருப்புதான். மறுநாள் தட்டுகளில் ஒன்றுமில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றாள். மழை பிடிக்காமல் வானம் அப்படியே மூடி நின்றது.

அதற்கடுத்த நாள் காலை மூன்று தட்டுகளையும் எடுத்துக்கொண்டு சாரின் அறைக்கே போய்விட்டாள். முதுகுத் தட்டில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மட்டும். விரல் தட்டில் வெள்ளையோடு மங்கலாய் ஒரு மஞ்சள். சார் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதை ஒட்டியே மற்றக் கிருமிகளும் நெருக்கியடித்து வளர்ந்திருந்தன. மடிப்புத் தட்டில்தான் அந்த அழுத்தமான மஞ்சள், சுற்றிலும் வெற்று வட்டம்.

தேய்த்த முதுகு, தேய்க்காத மடிப்பு, விரல் என்று தட்டுகளில் அவள் எழுதியிருந்ததை வேதமணி சார் படித்தார். மூன்றையும் வரிசை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

“கையில இருந்தோ காத்துல இருந்தோ வந்திருந்தா முதுகுத் தட்டுலயும் இது வந்திருக்கணும்” என்றார். “தேய்ச்சா போகுது, தேய்க்காத இடத்துல இருக்கு. கழுவிட்டு ஒப்பிடணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு? நல்ல யோசனை.”

தலையை ஆட்டினால் போதும். அவள் கழுத்து ஆடவில்லை.

“எனக்குத் தோணல்லை, சார். பொழியூர்ல பிரான்சிஸ்கா சேச்சி, எனக்குச் சுத்தமா தரணும்னு விலாங்கு மாதிரி சாம்பல் போட்டுத் தேச்சிட்டாங்க. எல்லாம் போச்சுன்னுதான் நெனச்சேன்.”

அவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப அப்படியே எழுது. நீ கழுவினதா எழுதிடாதே. அத்தியாயம் இருக்கட்டும்.” சிறிது நிறுத்தினார். “ஆனா இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நத்தை போதாது. மழைக்கு முன்னால இன்னொரு நத்தை வேணும். அதையும் இதே மாதிரி தேய்ச்சு வாங்கிட்டு வா.”

“நானே தேய்க்கலாமா, சார்?”

“உனக்கு விலாங்கு தேய்க்கத் தெரியுமா?”

தெரியாது. அவள் தட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு, பொழியூர் பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.