எண்ணெய் ஊற்றிய ஞாயிறு

பைக் கிளப்பில் அவருக்குப் பெயர் கொக்கு. கொக்காவது ஒற்றைக் காலை ஊன்றும், இந்த மனுஷன் அதையும் ஊன்றமாட்டார் என்று கேலியாக வைத்த பெயர்தான், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர்கள் ஓட்டுவது வேகப் பந்தயம் இல்லை. பாறை, ஓடை, மரவேர் என்று பார்த்துப் பார்த்துக் கொடி நட்டிருப்பார்கள். அதன் நடுவே பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியை, உட்காராமல் நின்றபடியே, ஆமை வேகத்தில் ஏற்றி இறக்க வேண்டும். கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம், எஞ்சின் நின்றுபோனால் ஐந்து. அறுபத்து மூன்று வயதில் இது தேவையா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு அவர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

அவர் மனைவி தையல்காரி. எஞ்சின் விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். இந்த வண்டிக்கு எண்ணெய் போகத் தனி வழி கிடையாது. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குக் கால் லிட்டர் எண்ணெய் கலந்தே ஊற்ற வேண்டும். மறந்தால் பிஸ்டன் உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும், பாறை மேல் இருக்கிற ஆள் தலைகுப்புற விழுவான். அதனால்தான் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேனில் எண்ணெயைக் கலந்து, குலுக்கி, டாங்கில் ஊற்றியதும் மூடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவார். துணி இருந்தால் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். முப்பது வருஷமாக அந்தத் துணி பொய் சொன்னதில்லை.

கொஞ்ச நாளாக மனுஷனுக்கு ஞாபகம் கைவிட்டுக்கொண்டே வந்தது. செத்து நாலு வருஷமான மச்சானுக்குப் போன் போடச் சொன்னார். ஒரே காலையில் இரண்டு தடவை சவரம் செய்துகொண்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் மகள் வந்து, வண்டி நிற்கிற ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"எண்ணெய் விஷயத்துல நான் ஒரு நாள் தப்பு பண்ணட்டும். அன்னைக்கே சாவியை நானே உன் கையில கொடுத்துடறேன்" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

தையல்காரி அன்றிலிருந்து ஒரு திருட்டு வேலை ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போனதும் ஷெட்டுக்குள் நுழைந்து, டாங்கிலிருந்து ஒரு சொட்டை ஸ்பூன் காம்பால் எடுத்து, துணி வெட்டும் காகிதத்துண்டில் வைப்பாள். பெட்ரோல் ஆவியாகிவிடும். எண்ணெய் கலந்திருந்தால் வட்டமாகக் கறை நிற்கும். முதல் ஆறு வாரம் கறை நின்றது. அடுத்த ஆறு வாரமும் காகிதம் கறையே இல்லாமல் பளிச்சென்று காய்ந்தது. ஆனால் மூடியில் சிவப்புத் துணி மட்டும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. எண்ணெயை மனசு மறந்தது, முடிச்சைக் கை மறக்கவில்லை. அப்போதெல்லாம் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பாட்டிலிலிருந்து கால் லிட்டர் அளந்து ஊற்றி, வண்டியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிவிட்டு, எதுவும் தெரியாதவள் மாதிரி வந்து காபி போடுவாள். காகிதத்துண்டுகளில் தேதி எழுதிப் பித்தான் டப்பாவில் வைத்தாள். என்றைக்காவது டாக்டரிடம் காட்டலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை என்னவென்றால், அவர் முகத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற அந்தக் களையை இழக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இந்த ஞாயிறும் துணி கட்டியிருந்தது, காகிதம் பளிச்சென்று காய்ந்தது. அவள் ஊற்றினாள்.

மூன்றாவது பாறையிலேயே வண்டி வெள்ளைப் புகையைக் கக்கியது. கொடி மறைந்தது, ஓரமாய் நின்று புள்ளி போடுகிற ரிட்டயரான பஸ் கண்டக்டர் மறைந்தார், இருமல் மட்டும் கேட்டது. எஞ்சின் இரண்டு முறை விக்கியது, அப்புறம் நின்றுபோனது. கொக்கு காலை ஊன்றினார். ஊன்றியும் நிற்கவில்லை, வண்டியோடு சேர்ந்து மெல்லச் சாய்ந்து ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு" என்றார் கண்டக்டர், சங்கடமாக.

தையல்காரி ஓடிவந்தபோது அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதன் முனை கறுத்து, எண்ணெய் சொட்டியது. சட்டைப் பையில் புது பிளக் இருந்தது. மாற்றினால் இரண்டு நிமிஷ வேலை. அவர் அதைத் தொடவில்லை.

"எண்ணெய் ஜாஸ்தி. ரெண்டு தடவை ஊத்தியிருக்கேன்" என்றார். "கேன்ல ஓட்டை. அதனால எண்ணெயை டாங்க்லயே நேரா ஊத்தினேன். அது வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. கிளம்பும்போது ஆட்டிக்கலாம்னு விட்டுட்டேன். மறுபடி எப்போ ஊத்தினேன்னுதான் தெரியல."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆட்டாமல் விட்டால் எண்ணெய் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் ஸ்பூனில் எடுத்தது மேலாக நின்ற வெறும் பெட்ரோல். ஆறு வாரத்தில் முதல் தடவையாக மனுஷன் ஞாபகமாய் ஊற்றியிருக்கிறார், அதையும் அவள் போய்க் கெடுத்துவிட்டாள்.

"நீங்க ஊத்தினது ஒரு தடவைதாங்க. ரெண்டாவது ஊத்தினது நான்."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "மக கிட்டேயிருந்து என்னைக் காப்பாத்தப் பாக்குறே. நீ எப்ப எண்ணெய் பாட்டிலைத் தொட்டே? எனக்காகப் பொய் சொல்றதே உனக்கு வேலையாப் போச்சு."

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். அவர் வண்டியை ஷெட்டில் நிறுத்திவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அவளுக்குப் போன் பண்ணு, சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போகட்டும்" என்றார்.

அவர் இன்று தப்பு செய்யவில்லை என்பதற்குச் சாட்சி அவளிடம் இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் மற்ற ஆறு வாரமும் கூடவே வெளியே வரும். அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். செய்யாத தப்புக்கு இந்த மனுஷன் தன்னைத்தானே தண்டித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாட்டிலையும் டப்பாவையும் கொண்டுவந்து வேலைமேஜை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொல்ல நினைத்தாள், முடியவில்லை.

அவர் காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினார். கறை உள்ளவை ஆறு, இல்லாதவை ஆறு. இன்றையதைத் தனியாக வைத்தார். கறை இல்லாத வரிசையை விரலால் தடவினார்.

"இந்த ஆறு நாளும் நல்லா ஓட்டினேனே" என்றார். "அதுல ஒரு நாள் தண்டப் புள்ளி ஒண்ணுகூட வாங்கல."

"ஆமாங்க."

"அப்போ இன்னைக்கு நான் மறக்கல."

"மறக்கல. சத்தியமா மறக்கல. தப்பு என்னோடது."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. மகளுக்குப் போன் போட வேண்டாம், அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து நின்று எண்ணெய் ஊற்றலாம், இதை முன்பே செய்திருக்கலாம் என்றெல்லாம் மனசு கடகடவென்று ஓடியது. வாய்விட்டும் சொன்னாள். அவர் தலையாட்டினார். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

பிறகு வண்டியிடம் போய், மூடியில் இருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து, உதறி, மடித்து, கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா," என்றார், "இன்னைக்கு எண்ணெய் ஊத்தினேனா?"

"ஊத்தினீங்க" என்றாள் அவள்.

அவர் மறுபடியும் துணியை மூடியில் சுற்றி, முடிச்சை இறுக்கிக் கட்டினார். தையல்காரி ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.