இராசநாயகம் வீட்டின் நிழல்

இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு கட்டுவனுக்கு வடக்கே காணிகள் இராணுவத்தின் கையிலிருந்து விடுபட்டபோது இராசநாயகத்தின் வீடு அங்கே இல்லை, அதன் நிழல் மட்டும் இருந்தது. அத்திவாரக் கல்லைக்கூடக் கிண்டி எடுத்து, கிணற்றைத் தூர்த்து, நிலத்தை டோசர் போட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள். எது யாருடைய காணி என்று அறியவே நில அளவையாளரைக் கூட்டிவர வேண்டியிருந்தது. பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கிய மூன்றாம் நாள், வெறுந்தரையில் ஓட்டுக்கூரையும் புகைபோக்கியுமாக அந்த நிழல் விழுந்து கிடந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் வீடு நின்ற இடத்துக்குள் ஒடுங்கி, பின்னேரத்தில் கிழக்கே சாய்ந்து, ஒழுங்கான எந்த வீட்டின் நிழலும் செய்வதை அது செய்தது. மப்பும் மந்தாரமுமான நாட்களில் மட்டும் வராமல் நின்றுகொண்டது.

சனம் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது. அக்கம்பக்கத்துக் காணிகளைத் துப்புரவாக்க வந்தவர்கள் சோற்றுப் பார்சலை அங்கே கொண்டுவந்து பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கண் அயர்ந்து எழும்பிப் போனார்கள். கிராம சேவையாளர் கோபிசங்கரும் ஒரு சாக்கை விரித்து அதற்குள் உட்கார்ந்துதான் “வீடு முற்றாக அழிந்துள்ளது” என்று படிவம் நிரப்பினார். நல்ல குளிர்ச்சியான இடம் என்று வாயாரச் சொல்லவும் செய்தார். படிவத்தில் நிழலுக்கென்று ஒரு நிரல் இல்லாததற்கு அவர் என்ன செய்வார்.

விசயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இராசநாயகத்தின் வீடு முன்கதவும் பின்கதவும் ஒரே நேரில் அமைந்த வீடு. சூரியன் எழும்பும் வேளையில் வெளிச்சம் கிழக்குக் கதவால் புகுந்து மேற்குக் கதவால் வெளியேறும். ஆகவே விடிந்து கொஞ்ச நேரத்துக்கு அந்த நிழலின் நடுவே ஒரு வெளிச்சப் பட்டை கிடக்கும். மாசி மாதத்தில் ஒரு காலை, அந்தப் பட்டைக்குள் ஒரு பிள்ளையின் நிழலை இராசநாயகத்தின் மனைவி பத்மாவதி கண்டாள். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் பாதத்தை முழங்காலில் ஊன்றி, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய மகன் றஜிந்தன் அப்படித்தான் நிற்பான். அவர்கள் அந்த வீட்டை விட்டு ஓடியபோது அவனுக்கு நாலு வயது. இருபத்திமூன்று வயதில், வன்னியில் சண்டை முடிந்த வைகாசியில், அவன் காணாமல் போனான். மரணச் சான்றிதழ் எடுத்துவிடலாமே என்று சொன்ன ஒவ்வொரு கந்தோரிலும் பத்மாவதி மறுபேச்சுப் பேசாமல் கதிரையை விட்டு எழும்பி வந்திருக்கிறாள். இராசநாயகமும் வந்து பார்த்தார். “ஓம், உவன்தான்” என்றார். பிறகு வேலி அடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பத்மாவதி உரும்பிராயில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அந்தப் பட்டைக்கு அருகே குந்தியிருந்து, அது மறையும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. சாய்ந்த வெயிலில் அந்த நாலு வயதுப் பிள்ளை பனையளவுக்கு நீண்டு கிடந்தான். காலைப் பார்த்தால் தலை எங்கேயோ இருந்தது, தலைமாட்டுக்குப் போனால் கால் எங்கேயோ போயிற்று. மகனை அவள் முழுசாக ஒருநாளும் காணவில்லை.

சித்திரையில் அரசாங்க வீட்டுத்திட்டக் கடிதம் வந்தது. ஆவணிக்குள் அத்திவாரம் போடாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும். காணியில் வீடு கட்டத் தோதான இடம் நிழல் கிடந்த நடுப்பகுதிதான், அங்கே கல்லும் சீமெந்தும் எழும்பினால் பழைய நிழல் போய்விடும், பிள்ளையும் போய்விடுவான் என்று பத்மாவதி பயந்தாள். வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இராசநாயகம் இரண்டு மாதம் நயமாகவும் ஒரு மாதம் கோபமாகவும் கதைத்துப் பார்த்து ஓய்ந்தார். அவர்களுடைய மகள் உதயகலா அதுவரை வாய் திறக்கவில்லை. அவள் இடம்பெயர்ந்த பிறகு பிறந்தவள், முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், இருபத்தாறு வயதுக்குள் ஒன்பது வாடகை வீடு மாறியவள். ஒரு பின்னேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“அம்மா, உந்த நிழலுக்குள்ளை அண்ணை நிக்கிறார், சரி. நான் அதுக்குள்ளை இல்லை. எனக்கு உங்கை ஒரு இடமும் இல்லை. நான் எங்கை போய் இருக்கிறது?”

 மகள் பொறாமையில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொல்கிறாள் என்று பத்மாவதிக்குத் தெரிந்தது. பெற்றது இரண்டு, அதில் ஒன்றின் நிழலைக் காவல் காத்துக்கொண்டு மற்றதை வெயிலில் நிற்க விட்டிருக்கிறேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அடுத்த நாள் காலை அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை. “இஞ்சருங்கோ, ஐயரிட்டைப் போய் நாள் கேளுங்கோ” என்றாள்.

வீடு கட்டுமுன் நல்ல நேரத்தில் முதல் முளையை அடிப்பதை அங்கே நிலையம் எடுப்பது என்பார்கள். அடித்த முளையைப் பிறகு ஓர் அங்குலமும் அரக்கக் கூடாது. ஐயர் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு பன்னிரண்டுக்கும் ஏழு நாற்பத்தெட்டுக்கும் இடையில் நேரம் வைத்துக் கொடுத்தார். மேசன் முத்துக்குமாரு நல்ல மனுசன். புது வீட்டைப் பழைய வீடு நின்ற அதே இடத்தில் எழுப்பினால் பத்மாவதியின் மனம் ஆறும் என்று நினைத்து, நிழலின் மேற்கு ஓரத்தில் நூலைப் பிடித்து, அங்கிருந்து கிழக்கே அளந்து, தேங்காய் உடைத்து, நாலு மூலைக்கும் முளை அடித்தார். இராசநாயகம் பக்கத்தில்தான் நின்றார், கோபிசங்கரும் நின்றார். ஏழு மாதமாக நிழலை வீடு என்றே சொல்லிப் பழகியதில், அது பொழுதோடு நகரும் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மத்தியானம் எல்லாரும் பிளேன்ரீ குடிக்க நிழலுக்குள் போய் உட்கார்ந்தபோதுதான், முளைகள் பதினைந்தடிக்கு அப்பால் கொளுத்தும் வெயிலில் நிற்பதைக் கண்டார்கள்.

“அண்ணை, வீடு இஞ்சை நிக்குது. நாங்கள் அங்கை அடிச்சிட்டம்” என்றார் முத்துக்குமாரு.

“அரக்கேலாதோ?”

“நிலையம் எடுத்த முளையை ஆரும் அரக்குவினமோ? நான் கை வைக்க மாட்டன்.”

இராசநாயகம் மேற்கு வேலியைப் பார்த்தார். புது வீட்டுக்கும் அதற்கும் ஆறடி மிஞ்சும். விதிகளுக்கு அது போதும் என்று கோபிசங்கர் சொன்னார். அப்படியே கட்டினார்கள். காலை நேரங்களில் பழைய வீட்டின் நிழல் வேலையாட்களின் முதுகில் விழுந்தபடியால் வேலை கெதியாக நடந்தது. பங்குனியில் பால் காய்ச்சிக் குடிபூந்தார்கள்.

மறுநாள் விடிய பத்மாவதி முன்பக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளையடித்த கிழக்குச் சுவரில் கதவளவில் வெளிச்சம் நிமிர்ந்து நின்றது. அதற்குள் றஜிந்தன் ஒற்றைக் காலில் நின்றான். பனையளவில்லை, பிள்ளையளவில். கிட்டப் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய இடுப்புக்கு வந்தான். இவ்வளவு சின்னப் பிள்ளையாக இருந்தான் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. பத்து வருசமாக எந்தக் கந்தோரிலும் எந்தக் கோயிலிலும் அழாத அழுகையைக் கும்பிட்டுக்கொண்டு நின்று அழுது தீர்த்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த உதயகலா அந்த வெளிச்சத்துக்குள் வந்து நின்றபோது அவளுடைய நிழலும் சுவரில் விழுந்தது. தமையனைவிட அவள் இரண்டு பங்கு உயரமாக இருந்தாள். இரண்டையும் ஒன்றாக வைத்து பத்மாவதி வெகுநேரம் பார்த்தாள்.

அதன்பிறகு அந்தச் சுவரில் இராசநாயகம் ஆணி அடிக்கவில்லை. காலையில் வருகிறவர்களிடம் “ஏழு மணிக்கு முன்னம் உதிலை சைக்கிளைச் சாத்தாதேங்கோ” என்று சொன்னார்கள். வருகிறவர்களும் ஏன் என்று கேட்காமல் வேலியோரம் சாத்தினார்கள்.

வைகாசியில் கோபிசங்கர் குடும்ப அட்டை பதிய வந்தார். வீட்டிலே எத்தனை பேர் என்று கேட்டார். இராசநாயகம் மனைவியைப் பார்த்தார். உதயகலாவும் பார்த்தாள்.

“மூண்டு பேர், தம்பி” என்றாள் பத்மாவதி. “காலமை ஏழு மணிவரைக்கும் நாலு.”

கோபிசங்கர் மூன்று என்று எழுதிப் படிவத்தை நீட்டினார். பத்மாவதி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாசித்துப் பார்த்து, கையொப்பம் வைத்தாள்.